பேச்சுக்கு மூளையில் இடம் எது? அதைக் கண்டுபிடித்த கதை

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பேரன் பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஆனால் ஊர் மைதானத்தில் மாலையில் வள்ளிக்கும்மிப் பயிற்சி நடக்கும்போது, ஒரு காலத்தில் கும்மி ஆசிரியராக இருந்த அந்த மனிதர் பாட்டின் அடிகளை இடறாமல் கூடவே பாடுகிறார். ஸ்கேன் பார்த்த டாக்டர், "இடப்பக்க மூளையில் பேச்சுக்கான இடத்தில் பாதிப்பு" என்றாராம். பேச்சுக்கான இடம் அதுதான் என்று எப்படித் தெரிந்தது, மூளையைப் பற்றிய இந்த அறிவெல்லாம் எப்படி வந்தது, இன்னும் தெரியாதது என்ன என்பவை அவருடைய கேள்விகள்.

கோவையில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பங்கை நமக்குக் கற்றுத்தந்தவர்கள் நோயாளிகள். அடிபட்டவர் எதை இழந்தார், எதை இழக்கவில்லை என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்தபோதெல்லாம் அறிவு ஒரு படி ஏறியது. கவனிக்காமல் கோட்பாடு கட்டியபோதெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் தேங்கி நின்றது. பேச வராத வாயில் பாட்டு வருகிறது என்று நீங்கள் கவனித்தீர்களே தம்பி, அதுவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

மூளையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சுருள். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட பிரதி. மூலம் அதைவிடப் பழையது என்கிறார்கள். 48 நோயாளிகளின் காயங்கள் அதில் வரிசையாக விவரிக்கப்பட்டிருக்கின்றன. மண்டை உடைந்து மூளை தெரிந்தவர், தலையில் அடிபட்டுப் பேச்சிழந்தவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். உருக்கிய செம்பின் மேல் எழும் நெளிவுகளைப் போல மூளை இருந்தது என்று எழுதியவர் குறித்துவைத்திருக்கிறார். இவ்வளவு கவனித்த அதே நாட்டில்தான், இறந்தவரைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உடலிலேயே விட்டுவைத்து, மூளையை மூக்கு வழியாக வெளியே எடுத்து எறிந்தார்கள். நினைவும் அறிவும் நெஞ்சில் இருக்கின்றன என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

அந்த நம்பிக்கையை மடமை என்று ஒதுக்கக் கூடாது. பயந்தால் துடிப்பது நெஞ்சு. துக்கத்தில் அடைப்பதும் நெஞ்சு. அரிஸ்டாட்டில் அளவுக்கு உயிரினங்களைக் கூர்ந்து பார்த்தவர் அக்காலத்தில் வேறு யாரும் இல்லை. அவரும் இதயம்தான் தலைமை உறுப்பு, மூளை இரத்தத்தைக் குளிர்விக்கும் உறுப்பு என்றே முடிவு செய்தார். அடைவைத்த கோழி முட்டையை மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்து, சிவப்பாக ஒரு புள்ளி துடிப்பதைக் கண்டு எழுதியவர் அவர். பல்லடம் வட்டாரத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் இருப்பவர்களுக்கு அந்தப் புள்ளி பழக்கமானது. முதலில் உயிர்த்துடிப்பு தெரிவது அங்கேதான் என்றால் அதைத் தலைமை என்று எண்ணியதில் வியப்பில்லை. மூளையைத் தொட்டால் வலிப்பதில்லை என்பதையும் அவர் தன் கட்சிக்குச் சான்றாக்கினார். அந்தச் செய்தி உண்மைதான். நோயாளி விழித்திருக்கும்போதே இன்று மூளை அறுவை செய்ய முடிவது அதனால்தான். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு.

மறுகட்சியும் கிரேக்கத்திலேயே இருந்தது. அல்க்மயோன் என்பவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே புலன்கள் மூளையில் போய்ச் சேர்கின்றன என்றார். ஹிப்போகிரட்டிஸ் மரபில் கி.மு. 400 வாக்கில் எழுதப்பட்ட ஒரு நூல், தெய்வக் குற்றம் என்று எல்லோரும் அஞ்சிய காக்காய் வலிப்பு மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான், அதன் காரணம் மூளையில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னது. நம் மகிழ்ச்சியும் சிரிப்பும் துயரமும் கண்ணீரும் மூளையிலிருந்தே வருகின்றன என்றும் சொன்னது. அதற்கு அவர்கள் காட்டிய சான்று எனக்கு மிகவும் பிடித்தது. வலிப்பு கண்ட ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாறிக்கிடக்கும். கடவுள் அல்ல, நோயே அந்த உடலைக் கெடுத்திருக்கிறது என்று தெரியும் என்றார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் செம்மறி மேய்ப்பவர்கள் இப்படிப்பட்ட ஆட்டைப் பார்த்திருப்பார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். மூளைக்குள் நாடாப்புழுவின் இளம்பருவம் நீர்க்கட்டியாக வளர்ந்திருக்கும். மனிதர்களிலும் வேறொரு நாடாப்புழு இதே வேலையைச் செய்கிறது. நம் நாட்டில் வலிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நம் பக்கத்திலும் இரு கட்சிகளும் உண்டு. ஆயுர்வேதத்தில் சரகர் மரபு உணர்வின் இருப்பிடம் இதயம் என்றது. பேல சம்ஹிதை என்ற இன்னொரு ஆயுர்வேத நூல் மனத்தைத் தலைக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்தது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழி ஊரெங்கும் புழங்குகிறது. மன்னனின் மண்டைக்குள் புகுந்த தேரையை அகத்தியர் கபாலத்தைத் திறந்து எடுக்க முயன்றபோது, சீடர் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அலசிக் காட்ட, தேரை தானே தாவிக் குதித்தது என்ற கதையைச் சித்த மருத்துவம் அறிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தேரையர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். அதை அந்தக் காலத்து மூளை அறுவைக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அது கதை. தலைவலியின் காரணத்தை மண்டைக்குள் தேட வேண்டும் என்று நினைத்த மக்களின் கதை என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

இதயமா மூளையா என்ற வழக்கைச் செயல்முறையில் தீர்த்துவைத்தவர் காலன் (Galen) என்ற கிரேக்க மருத்துவர். கிளாடியேட்டர்களின் காயங்களுக்கு மருந்திட்டுத் தொழில் பழகியவர். 2ஆம் நூற்றாண்டு ரோமில், கூட்டத்தின் முன் ஒரு பன்றியைக் கட்டிவைத்து, மூளையிலிருந்து வந்து குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்பை நூலால் இறுக்கினார். கத்திக்கொண்டிருந்த பன்றி வாயடைத்துப்போனது. நூலைத் தளர்த்தியதும் மறுபடி கத்தியது. நெஞ்சிலிருந்து குரல் வருகிறது என்றவர்களுக்கு அதற்கு மேல் பதில் இல்லை.

அதன்பின் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஐரோப்பாவும் அரபு உலகமும் மூளையின் சதையை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் நீர் நிரம்பிய அறைகளில் அறிவைத் தேடின. முன்னறையில் கற்பனை, நடுவறையில் பகுத்தறிவு, பின்னறையில் நினைவு என்று பிரித்துவைத்தார்கள். இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது என்று நினைக்கிறேன். உடற்கூறு அறையில் மாணவர்கள் முதன்முதலாக மூளையைக் கையில் வாங்கும்போது அது ஃபார்மலினில் ஊறிக் கெட்டிப்பட்டிருக்கும். ஓரம் சிதையாமல் நறுக்கலாம். மூளையே இப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள். பதப்படுத்தாத மூளை இளநீர் வழுக்கையைப் போன்றது. எடுத்தால் தொய்யும், சில மணி நேரத்தில் குழையும். அந்தக் குழைவில் வடிவம் மாறாமல் தெரிந்தவை உள்ளறைகள் மட்டுமே. உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் மனித உடலைத் தன் கையாலேயே அறுத்துப் பார்த்து, கண்டதை 1543இல் படங்களோடு நூலாக வெளியிட்டார். 1664இல் ஆக்ஸ்போர்டில் தாமஸ் வில்லிஸ், சாராயத்தில் மூளையைப் பதப்படுத்தும் வழி வந்த பிறகு, சதையையும் இரத்தக் குழாய்களையும் விரிவாக விவரித்த நூலை வெளியிட்டார். லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அதற்குப் படம் வரைந்தார். மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் கைகோத்து நிற்கும் வளையத்துக்கு இன்றும் வில்லிஸ் பெயர்தான். பக்கவாத நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது டாக்டர் தேடிப் பார்க்கும் வளையம் அது.

இனி உங்கள் அப்பிச்சியின் கதைக்கு வருவோம். அது 1861 ஏப்ரல் 11 அன்று பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் தொடங்குகிறது. கால் அழுகிய நிலையில் 51 வயது நோயாளி ஒருவரை அறுவை மருத்துவர் பால் பிரோக்காவிடம் கொண்டுவந்தார்கள். பெயர் லெபோர்ஞ். 21 ஆண்டுகளாக அங்கேயே கிடந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே பதில். அதனால் மருத்துவமனை முழுவதும் அவரை டான் என்றே அழைத்தது. சொல்ல வந்தது கேட்பவருக்குப் புரியாமல் போய்க் கோபம் வந்துவிட்டால் ஒரே ஒரு வசை மட்டும் தெளிவாக வாயில் வரும்.

பிரோக்கா அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கவில்லை. இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். டான் தன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலை மட்டும் நீட்டினார். நான்கு ஐந்து இருபது, ஒன்று இருபத்தொன்று. கணக்கு சரி. மறுநாள் அதே கேள்விக்கு அதே பதில். கேள்வி புரிகிறது, நினைவு இருக்கிறது, எண்ணத் தெரிகிறது, நாக்கும் அசைகிறது. சொல் மட்டும் உருவாகவில்லை. ஏப்ரல் 17 அன்று டான் இறந்தார். மறுநாளே அவருடைய மூளையைப் பிரோக்கா அறிஞர் கூட்டத்தில் வைத்துக் காட்டினார். இடப்பக்க முன்மடலில் பாதிப்பு இருந்தது. சில மாதங்களில் இரண்டாவது நோயாளி வந்தார்; சில சொற்களே மிஞ்சியிருந்த 84 வயது முதியவர். அவருக்கும் அதே இடம். மேலும் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு 1865இல், நாம் இடப்பக்க மூளையால் பேசுகிறோம் என்று பிரோக்கா எழுதினார். 1874இல் 26 வயது கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தடையில்லாமல் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. பாதிப்பு இடப்பக்கத்திலேயே, காதுக்கு மேற்புறம் பின்தள்ளி இருந்தது.

மூளையிலிருந்து கீழே இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. இடப்பக்க மூளை வலக்கையை ஆள்வது அதனால்தான். வலது பக்கம் விழுந்தவருக்குப் பேச்சும் போனது என்றவுடன், ஸ்கேன் வருவதற்கு முன்பே டாக்டருக்கு இடம் தெரிந்திருக்கும். டான் கொடுத்துவிட்டுப் போன அறிவு அது.

பாட்டு ஏன் மிஞ்சியது? பல ஆண்டுகள் பாடிப் பாடிப் பழகிய அடி, எண்ணும் வரிசை, கிழமைகளின் பெயர்கள், வசை ஆகியவை புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டும் வழியில் வருவதில்லை. இசைக்கு வலப்பக்க மூளையின் பங்கு அதிகம். எது முக்கியக் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள், சிறு சிறு வாக்கியங்களை ராகம் போட்டு இழுத்துச் சொல்லவைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டிக்கொண்டே பயிற்சி தரும் முறையை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பேச்சு விழுந்து, புரிதல் மிஞ்சியவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது. அப்பிச்சி கும்மி ஆசிரியர் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "தண்ணி வேணும்" என்பதைக் கும்மி மெட்டில் இட்டு, அவருடைய இடது கையைத் தட்டித் தொடங்கச் சொல்லுங்கள். இன்னொன்று: அவருக்குப் புரிகிறது. அவரை வைத்துக்கொண்டு, "பெரியவருக்கு இனி ஒன்றும் தெரியாது" என்று வந்துபோகும் உறவினர்கள் பேசினால் தடுத்துவிடுங்கள். டான் 21 ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிக் காட்டியவர்.

டாக்டர் சொன்ன "இடம்" என்பதை மட்டும் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிரோக்கா அந்த மூளையை நறுக்காமல் முழுதாகப் பாதுகாத்துவைத்தார். 2007இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப்பு அவர் கண்ட மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஆழமாக, பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் வரை போயிருந்தது தெரிந்தது. பேச்சு ஒரு மூலையில் குடியிருக்கும் பொருள் அல்ல. பல பகுதிகள் சேர்ந்து செய்யும் வேலை.

அந்த இணைப்புகள் எவற்றால் ஆனவை என்பதும் பிரோக்காவின் நாளில் தெரியாது. 1873இல் இத்தாலியின் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில், சமையலறையை ஆய்வறையாக மாற்றிக்கொண்டு, கமில்லோ கோல்ஜி மூளைத் துண்டுகளை வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தார். ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சில மட்டும் வேரும் கிளையுமாக முழுசாகக் கறுத்தன. அந்தச் சில மட்டும் கறுத்ததுதான் நல்வாய்ப்பு. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் ஈ கஹால் அதே சாயத்தைச் செம்மைப்படுத்தி, இளங்குஞ்சுகளின் மூளையில் பார்த்து, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி, அவை ஒன்றோடொன்று ஒட்டிய வலை அல்ல என்று காட்டினார். கோல்ஜி கடைசிவரை ஏற்கவில்லை. 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. பரிசு உரையிலும் கோல்ஜி கஹாலின் கருத்தை மறுத்தே பேசினார். நரம்பணுக்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தபோது வழக்கு முடிந்தது.

மூளையில் மின்சாரம் ஓடுவதை 1875இலேயே ரிச்சர்ட் கேட்டன் முயல்களிலும் குரங்குகளிலும் அளந்திருந்தார். மனிதரில் அளந்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். இளம் வயதில் படைப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய அதே நாளில், வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அக்காவுக்குத் தோன்றியதாம். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகும் வழியைத் தேடுவதே தன் வாழ்க்கை என்று அன்றே முடிவெடுத்தார். அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 1924இல் மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையின் அலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். ஈரோட்டிலும் கரூரிலும் இன்று வலிப்பு நோயாளிகளுக்கு எடுக்கும் இ.இ.ஜி. அதுதான்.

வலிப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பஸ் நிலையத்தில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் இன்றும் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க நான்கு பேர் ஓடிவருகிறார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும்; அடங்கும் நேரத்தில் கையில் இருக்கும் இரும்புக்குப் பெயர் கிடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல் பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

நோயாளியின் சொல்லைக் கேட்காமல் போனதற்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1935இல் போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ், மனநோயாளிகளின் முன்மடல் இணைப்புகளை வெட்டும் அறுவையைத் தொடங்கினார். 1949இல் நோபல் பரிசும் பெற்றார். பல நாடுகளில் பல்லாயிரம் பேர் அந்தக் கத்திக்கு ஆளானார்கள். அடங்கினார்கள் என்று எழுதிவைத்தார்கள். எதை இழந்து அடங்கினார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலர். மருந்துகள் வந்த பிறகே அது ஓய்ந்தது. இதை மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடித்ததில்லை.

அதற்கு மறுபக்கம் ஹென்றி மொலைசன். கடும் வலிப்புக்காக 1953இல், 27ஆம் வயதில், மூளையின் இரு பக்கப் பொட்டுமடல்களின், அதாவது காதோரப் பகுதிகளின், உட்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் அடியோடு போனது. உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் பலமுறை சென்று உட்கார்ந்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். நினைவு என்பது ஒன்றல்ல, கை கற்பது வேறு, நாள் நடந்ததை நினைவுகூர்வது வேறு என்று உலகம் கற்றது அவரிடம்தான். 2008இல் இறக்கும்வரை ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்தார்.

நம் மாநிலத்துக்கு இந்த அறிவு வந்த வழியும் நேரானது. கனடாவின் மாண்ட்ரியலில், விழித்திருக்கும் நோயாளியின் மூளையைச் சிறு மின்முனையால் தொட்டு, கை எங்கே, முகம் எங்கே, பேச்சு எங்கே என்று வரைபடம் போட்டவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்ணுக்கு எடுக்கப்பட்டது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. வேலூருக்கோ சென்னைக்கோ ரயில் ஏற வேண்டியிருந்த கொங்கு நாட்டு நோயாளிக்கு இன்று கோவையிலேயே எல்லாம் இருக்கிறது. இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், உறவினர் வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

இன்னும் தெரியாதது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவும் எதனோடு இணைந்திருக்கிறது என்ற முழு வரைபடம் மிகச் சிறிய சில உயிரினங்களுக்கு மட்டுமே முடிந்திருக்கிறது. வளர்ந்த பழ ஈயின் மூளைக்கு அது 2024இல் முடிந்தது. அதன் மூளையில் இருப்பவை சுமார் 1,40,000 நரம்பணுக்கள். அதே ஆண்டில் மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டரை அமெரிக்க ஆய்வாளர்கள் வரைந்தார்கள். சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள் அதில் இருந்தன. அந்தத் துளி, வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், பிறவாத குழந்தைகளின் மூளையை 5,132 நுண்ணிய சீவல்களாகப் படம் பிடித்து, 2024 டிசம்பரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது.

வரைபடம் முழுமையானாலும் சில கேள்விகள் அதில் அடங்காது. மின்துடிப்புகளும் வேதிப்பொருள்களும் சேர்ந்து எப்படி ஒரு பாட்டின் இனிமையாக உணரப்படுகின்றன என்பதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவருக்கு ஆறு மாதத்தில் பேச்சு திரும்புவதும், அதே அளவு பாதிப்புள்ள இன்னொருவருக்குத் திரும்பாமல் போவதும் ஏன் என்பது பாதிதான் புரிந்திருக்கிறது. முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும்; அதன்பிறகும், ஆண்டுகள் கழித்தும்கூட, பயிற்சியால் முன்னேறியவர்கள் உண்டு என்பது மட்டும் உறுதி. ஆகவே பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.